அப்பா வீடு இப்போது யார் பேரில் இருக்கிறது?

கருமாதி முடிந்து பந்தல் பிரித்ததுமே வீட்டைப் பற்றிய பேச்சு எழும். "இப்ப என்ன அவசரம்? அம்மா இருக்கிற வரைக்கும் அப்படியே இருக்கட்டும்" என்று பெரியவர் ஒருவர் சொல்வார். எல்லோரும் தலையாட்டிவிட்டு ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். நான் பார்க்கிற குடும்பச் சொத்துத் தகராறுகளில் பாதிக்கு மேல் இந்த இடத்தில்தான் ஆரம்பிக்கின்றன.

வீட்டை விற்பதா, வைத்துக்கொள்வதா, ஒருவரே எடுத்துக்கொண்டு மற்றவர்களுக்குப் பணம் கொடுப்பதா என்பதை நிதானமாகப் பேசிக்கொள்ளலாம். ஆனால் எந்த முடிவுக்கு வந்தாலும் முதலில் காகிதம் வாரிசுகள் பேருக்கு மாறியாக வேண்டும். அதைத் தள்ளிப்போட்டால் என்ன ஆகிறது என்று பாருங்கள். உயில் எழுதாமல் அப்பா இறந்தார். மனைவி, இரண்டு மகன், இரண்டு மகள். அன்று ஐந்து கையெழுத்து போதும். பதினைந்து வருடம் கழித்து அம்மா இல்லை. மூத்த மகன் போய்விட்டார். அவருக்கு மனைவியும் மூன்று பிள்ளைகளும். இளைய மகளும் இல்லை. அவருக்குக் கணவரும் இரண்டு பிள்ளைகளும். இப்போது ஒன்பது கையெழுத்து. ஒருவர் துபாயில் இருக்கிறார். ஒரு பிள்ளை பிளஸ் டூ படிக்கிறது. வயது வராத அந்தப் பிள்ளையின் பங்கை விற்க, பெற்ற தாயே ஆனாலும் நீதிமன்ற அனுமதி வாங்கியாக வேண்டும். அதற்கே ஒரு மனு, ஒரு வக்கீல், மாதக்கணக்கில் நடை.

ஆகவே முதல் வேலை வாரிசுச் சான்றிதழ். இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டணத்தில் விண்ணப்பிக்கலாம். இறப்புச் சான்று, இறந்தவரின் ஆதார், வாரிசுகள் அனைவரின் ஆதார், குடும்ப அட்டை, உறுதிமொழி ஆகியவற்றைக் கேட்பார்கள். கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் விசாரித்து அனுப்ப, வட்டாட்சியர் கையொப்பமிடுவார். இறப்பை 21 நாளுக்குள் பதியாமல் ஒரு வருடத்துக்கு மேல் விட்டிருந்தால், முதலில் கோட்டாட்சியரிடம் உத்தரவு வாங்கி இறப்பைப் பதிய வேண்டும். பழைய சாவுகளில் பலர் முட்டிக்கொண்டு நிற்பது இந்த இடத்தில்தான்.

வாரிசுச் சான்றில் இரண்டு தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன. ஒன்று, பெயர். இறப்புச் சான்றில் 'சுப்பையா', கிரயப் பத்திரத்தில் 'சுப்பையாப் பிள்ளை', ஆதாரில் 'எஸ். சுப்பய்யா' என்று மூன்று விதமாக இருக்கும். வாங்கும்போது யாரும் படித்துப் பார்ப்பதில்லை. விற்கப் போகும்போது வாங்குகிறவரின் வங்கி வக்கீல் படித்துப் பார்ப்பார். ஒரே நபர்தான் என்பதற்கு உறுதிமொழிப் பத்திரம், கிராம நிர்வாக அலுவலர் சான்று என்று அப்போது அலைவதைவிட, இறப்புச் சான்று கைக்கு வந்த அன்றே பத்திரத்தோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். இன்னொன்று, விடுபடும் வாரிசு. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி ஓர் ஆண் உயில் இல்லாமல் இறந்தால் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் மட்டுமல்ல, அவரைப் பெற்ற தாய் உயிரோடு இருந்தால் அவருக்கும் சம பங்கு உண்டு. பாட்டியின் பெயரை விட்டுவிட்டு வாங்கிய சான்று, பாட்டி இறந்த பிறகு அத்தை, சித்தப்பா எல்லோரையும் வழக்குக்குள் கொண்டுவந்துவிடும். தெரிந்தே ஒரு தங்கையின் பெயரை விட்டுவிட்டுச் சான்று வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். அது பொய் உறுதிமொழி. பாதிக்கப்பட்டவர் உடனே வட்டாட்சியருக்கு எழுத்தில் ஆட்சேபம் கொடுக்க வேண்டும். சான்று வழங்கிவிட்டிருந்தால் கோட்டாட்சியரிடம் போக வேண்டும்.

கிறிஸ்தவர்களுக்கு இந்திய வாரிசுரிமைச் சட்டம், முஸ்லிம்களுக்கு ஷரீஅத். பங்குக் கணக்கு வேறுபடும், அலுவலகமும் நடைமுறையும் இதுதான்.

வாரிசுச் சான்று வேறு, நீதிமன்றம் தருகிற வாரிசுரிமைச் சான்று வேறு. பின்னது வங்கி வைப்பு, பங்குப் பத்திரம் போன்றவற்றுக்கு. வீட்டுக்கு அதைக் கேட்டு நீதிமன்றப் படி ஏறிப் பணத்தை விட வேண்டாம்.

அடுத்தது பட்டா. வாரிசு அடிப்படையில் எல்லா வாரிசுகள் பெயரிலும் கூட்டுப் பட்டா கேட்டு இ-சேவையில் மனுப் போடுங்கள். 'ஆவணம் போதாது' என்று ஒற்றை வரியில் தள்ளுபடி செய்கிற வழக்கம் நம் அலுவலகங்களில் மாறவே இல்லை. எந்த ஆவணம் போதவில்லை என்று எழுதிக் கேளுங்கள். பதில் இல்லையென்றால் பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மனுப் போடுங்கள். முப்பது நாளில் பதில் தந்தாக வேண்டும். பட்டா உத்தரவே தவறாக இருந்தால் மேல்முறையீடு கோட்டாட்சியரிடம், அதற்கு மேல் சீராய்வு மாவட்ட வருவாய் அலுவலரிடம். கிராம நிர்வாக அலுவலரிடம் சண்டை போட்டுப் பயனில்லை. உத்தரவைத் திருத்தும் அதிகாரம் அவரிடம் இல்லை. வீட்டு வரியும் மின் இணைப்பும் அதே வாரிசுச் சான்றைக் கொண்டு மாற்ற வேண்டியவை.

பட்டாவும் வரி ரசீதும் மின் கட்டண அட்டையும் ஒருவர் பேரில் இருப்பதால் மட்டும் வீடு அவருடையது ஆகிவிடாது. உள்ளூரில் இருக்கிற தம்பி தன் பேருக்கு வரியை மாற்றிவிட்டால் அக்காவின் பங்கு போய்விடாது. ஆனால் அந்த ரசீதுகளைக் காட்டி அவர் யாருக்காவது கிரயம் எழுதிக்கொடுத்துவிடக்கூடும். அதனால்தான் மாதம் ஒருமுறையாவது பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் போட்டுப் பாருங்கள் என்று சொல்கிறேன். கணினியில் பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை. சர்வே எண்ணும் சார்பதிவாளர் அலுவலகப் பெயரும் தெரிந்தால் போதும்.

மகள்கள் விஷயத்துக்கு வருகிறேன். "1989-க்கு முன்னால் கல்யாணம் ஆனவளுக்குப் பங்கு கிடையாது" என்று இன்றும் பஞ்சாயத்தில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்கிறார்கள். அது அந்தக் காலத்திலும் பரம்பரைக் கூட்டுக்குடும்பச் சொத்துக்கு மட்டும் இருந்த நிபந்தனை. அப்பா சுயமாகச் சம்பாதித்துக் கட்டிய வீட்டில், உயில் இல்லாவிட்டால், 1956-லிருந்தே மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு. பரம்பரைச் சொத்திலும் 2005-ஆம் ஆண்டுத் திருத்தம் மகளை மகனுக்கு நிகராக்கியது. அந்தத் திருத்தம் வந்த நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வினீதா சர்மா வழக்கில் தெளிவாக்கிவிட்டது. 2004 டிசம்பர் 20-க்கு முன் முறையாகப் பதிவாகி முடிந்த பாகப்பிரிவினையை மட்டும் இதைக் காட்டிக் கிளற முடியாது.

குடியிருக்கும் வீட்டுக்கென்றே இன்னொரு தடை இருந்தது. ஆண் வாரிசுகள் பிரித்துக்கொள்ள முடிவு செய்கிற வரை பெண் வாரிசு அந்த வீட்டில் பாகம் கேட்கக் கூடாது என்றது பழைய சட்டத்தின் 23-ஆவது பிரிவு. அதையும் 2005-இல் நீக்கிவிட்டார்கள். இருபது வருடமாக இல்லாத பிரிவைச் சொல்லி அக்கா தங்கைகளை வாயடைப்பது நிற்க வேண்டும்.

சட்டத்தால் முடியாதபோது பாசத்தால் கேட்பார்கள். "பொறந்த வீடு வேணுமா, பங்கு வேணுமா?" விட்டுக்கொடுப்பது உங்கள் விருப்பம், அதை நான் தடுக்கவில்லை. ஆனால் விடுதலைப் பத்திரத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். அதில் ஒரு வரி இருக்கும்: 'மேற்படி தொகையை ரொக்கமாகப் பெற்றுக்கொண்டு என் பாகத்தை விடுதலை செய்கிறேன்.' வாங்காத பணத்தை வாங்கியதாக எழுதியிருந்தால் பிறகு கேட்க வாயில்லை. பணம் பேசியிருந்தால் அது வங்கி வழியாக வந்து சேர்ந்த பிறகே கைரேகை வையுங்கள். எந்த எண், எந்த நாள், எவ்வளவு தொகை என்று பத்திரத்துக்குள் எழுதச் சொல்லுங்கள். யாருடைய பேருக்கு விட்டுக்கொடுக்கிறீர்கள் என்பதும் பெயரோடு இருக்க வேண்டும்.

அம்மாக்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. "நீ எங்கம்மா போகப்போற, சும்மா கையெழுத்துப் போடு" என்று பிள்ளைகள் வாங்கிக்கொண்ட பிறகு, திண்ணையில்கூட இடமில்லாமல் மகள் வீட்டுக்கும் மகன் வீட்டுக்கும் பையைத் தூக்கிக்கொண்டு அலைகிறவர்கள் எத்தனை பேர்! பெற்றோர் பராமரிப்புச் சட்டம் 2007-இன் 23-ஆவது பிரிவின்படி, கவனிக்காத பிள்ளைக்கு எழுதிக்கொடுத்த சொத்தை ரத்து செய்யக் கோட்டாட்சியரின் தீர்ப்பாயத்தில் கேட்கலாம். ஆனால் ஒரு தாய் மகள்களுக்குக் கொடுத்த விடுதலைப் பத்திரத்தில் 'என்னைப் பராமரிக்க வேண்டும்' என்ற நிபந்தனை இல்லை என்பதால் அந்தப் பிரிவு பொருந்தாது என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பின்னர் 2025-இல் சற்றுத் தாராளமான தீர்ப்பு வந்திருக்கிறது. அதை நம்பி இருக்காதீர்கள். ஆயுள் வரை வீட்டில் குடியிருக்கும் உரிமையையும் பராமரிப்பு நிபந்தனையையும் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். பிள்ளை நல்லவனாக இருந்தால் அவனுக்கு இதில் வருத்தம் வராது. எழுத மறுத்தால் கையெழுத்துப் போடாதீர்கள். மீண்டும் சொல்கிறேன், போடாதீர்கள்.

எல்லோரும் ஒத்துப்போய்விட்டால் நல்லது. அப்போதுதான் இன்னொரு சிக்கனம் தலைதூக்கும்: பதிவுச் செலவு எதற்கு, வெள்ளைத்தாளில் கூர்ச்சீட்டு எழுதிக்கொண்டால் போதாதா? போதாது. வீட்டைப் பிரிக்கும் ஆவணமே பதிவாகாமல் இருந்தால், அதை உரிமைக்குச் சாட்சியமாக நீதிமன்றம் ஏற்காது, வங்கியும் ஏற்காது. குடும்ப உறவுகளுக்குள் பாகப்பிரிவினை, விடுதலை, தான செட்டில்மெண்ட் பத்திரங்களுக்கு முத்திரைத் தீர்வை ஒரு சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் ஒரு சதவீதம், அதிகபட்சம் 10,000 ரூபாய் என்று 2023 ஜூலையில் நிர்ணயித்தார்கள். எந்தெந்த உறவுக்கு இந்தச் சலுகை, இப்போதைய விகிதம் என்ன என்பதைப் பத்திர எழுத்தரை மட்டும் கேட்காமல் சார்பதிவாளர் அலுவலகத்திலேயே கேட்டுவிடுங்கள். ஐம்பது லட்சம் ரூபாய் வீட்டுக்கு இந்தச் செலவைப் பார்த்துவிட்டு வெள்ளைத்தாளில் முடித்துக்கொண்ட குடும்பங்கள், பிறகு வழக்குக்குக் கொட்டியது பல மடங்கு.

வெளிநாட்டில் இருக்கிற பிள்ளை பவர் அனுப்புவதானால் இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று அனுப்ப வேண்டும். அது இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். அந்தக் கெடுவைத் தவறவிட்டுவிட்டு மறுபடி தபாலில் பவருக்குக் காத்திருப்பவர்கள் அதிகம். கொடுத்தவர் இறந்துவிட்டால் பவரும் போய்விடும்.

பூட்டிப்போட்ட வீடு தனிக் கவலை. வீட்டைப் பார்த்துக்கொள்ள ஒருவரைக் குடிவைத்தால் ஒப்பந்தம் இல்லாமல் வைக்காதீர்கள். நகரப் பகுதியில் 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி வாடகை ஒப்பந்தத்தை எழுதி வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். பன்னிரண்டு வருடம் குடியிருந்ததாலேயே காவலுக்கு இருந்தவர் உரிமையாளர் ஆகிவிட மாட்டார். ஆனால் அவர் காவலுக்குத்தான் இருந்தார் என்று காட்ட உங்கள் கையில் ஒரு காகிதமாவது இருக்க வேண்டும். வரியை வருடா வருடம் கட்டி ரசீதை வைத்திருங்கள்.

ஒத்துப்போகாவிட்டால் பாகப்பிரிவினை வழக்குத்தான். கூட்டு அனுபவத்தில் இருப்பவர் கேட்டால் நீதிமன்றக் கட்டணம் நிலையான சிறு தொகை. வெளியேற்றப்பட்டவர் கேட்டால் பங்கின் மதிப்பில் சதவீதக் கணக்கு. அதனால் உள்ளே இருக்கிற உங்கள் பீரோவையும் பெட்டியையும் சண்டை போட்ட கோபத்தில் காலி செய்துவிட்டு வராதீர்கள். இரண்டு சென்ட் ஓட்டு வீட்டை ஐந்தாகக் கோடு போட முடியாது. அப்படிப்பட்ட வீட்டை விற்றுப் பணத்தைப் பிரிக்க 1893-ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினைச் சட்டப்படி நீதிமன்றம் உத்தரவிடலாம். பங்காளி ஒருவர் தன் பாகத்தை வெளியாளுக்கு விற்கப் போனால் அதை வாங்க மற்ற வாரிசுகளுக்கு முன்னுரிமை உண்டு.

வழக்குக்குப் போகுமுன் ஒரு கதவு இருக்கிறது. அதைத் தட்டுகிறவர்கள் மிகக் குறைவு. ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, தாலுகா நீதிமன்றங்களில் வட்டக் குழு இருக்கிறது. வழக்குப் போடாமலேயே அங்கே மனுக் கொடுத்து மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் பேசலாம். நீதிமன்றக் கட்டணம் இல்லை. இரு தரப்பும் ஒப்புக்கொண்டு பிறப்பிக்கும் தீர்வு நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், அதற்கு மேல்முறையீடும் கிடையாது. வழக்கே நடத்த வேண்டி வந்தாலும், பெண்ணாக இருந்தால் வருமானம் எவ்வளவு என்று கேட்காமல் இலவசமாக வக்கீல் தர வேண்டும் என்பது 1987-ஆம் ஆண்டுச் சட்டம். பங்கு கேட்க வக்கீல் செலவுக்கு வழியில்லையே என்று ஒதுங்கி நிற்கிற அக்கா தங்கைகள் 15100 என்ற எண்ணுக்கு அழையுங்கள்.