குலவழி வரும் குடல் நோய்

1895-ம் வருஷத்தில் அமெரிக்காவின் மிச்சிகன் மாகாணத்தில், ஆன் ஆர்பர் என்னும் நகரில், ஒரு தையற்காரி இருந்தாள். அந்நகரின் சர்வகலாசாலையில் நோய்க்கூறு சாஸ்திரம் போதித்து வந்த டாக்டர் ஆல்ட்ரெட் வார்தினுக்கு அவள் பழக்கமானவள். ஒரு நாள் அவள் முகம் வாடியிருக்கக் கண்டு அவர் காரணம் வினவினார். தன் குடும்பத்தார் பலரும் புற்றுநோயால் மாண்டனரென்றும், தானும் இளவயதிலேயே அவ்வாறே மாள்வது திண்ணமென்றும் அவள் கூறினாள். அப்போது அவள் உடலில் யாதொரு நோயும் இல்லை. ஆயினும் அவள் அஞ்சியவாறே பிற்காலத்தில் புற்றுநோய்க்கு இரையானாள்.

அச்சொல்லை வார்தின் பேதைமையென்று தள்ளிவிடவில்லை. அக்குடும்பத்தின் நோய் வரலாற்றைத் தலைமுறை வாரியாகத் தொகுத்து 1913-ல் வெளியிட்டார். ஆனால் வைத்திய உலகம் செவி சாய்க்கவில்லை. பின்னர் ஒமாஹா நகரில் டாக்டர் ஹென்றி லிஞ்ச் என்பார் இத்தகைய வேறு குடும்பங்களைக் கண்டு 1966-ல் எழுதினார். அவரையும் நெடுங்காலம் பலர் நம்பவில்லை. 1993, 1994-ம் வருஷங்களில் இந்நோய்க்குக் காரணமான மரபணுக்கள் கண்டுபிடிக்கப்பட்ட பிறகே ஐயம் தீர்ந்தது. தையற்காரியின் குடும்பத்தில் உள்ள பழுது இன்னதென்பது 2000-ல் தெரியவந்தது. அவள் சொல் மெய்யென நிலைபெற 105 ஆண்டுகள் ஆயின!

அப்பழுது யாது? உடலின் அணுக்கள் பெருகும்போது அவற்றின் மரபு எழுத்துக்களில் பிழை நேர்வதுண்டு. அப்பிழையைத் திருத்தும் மரபணுக்கள் சில உள. அவற்றுள் ஒன்று பிறவியிலேயே பழுதுபட்டிருந்தால், பிழைகள் குவிந்து பெருங்குடலிலும் கருப்பையிலும் புற்றாக முளைக்கும். இதற்கு லிஞ்ச் நோய் என்று பெயர்.

இதனினும் கொடியது ஒன்றுண்டு. சிறு பருவத்திலேயே பெருங்குடலின் உட்சுவரில் நூற்றுக்கணக்கில், சிலருக்கு ஆயிரக்கணக்கில், ‘பாலிப்’ என்னும் சிறு சதை முளைகள் தோன்றிவிடும். சிகிச்சையின்றி விட்டால் நடுவயதுக்குள் அவற்றில் ஏதேனும் ஒன்று புற்றாக மாறுவது ஏறக்குறைய நிச்சயம். லண்டன் செயின்ட் மார்க்ஸ் ஆஸ்பத்திரியில் இத்தகைய குடும்பங்களுக்கென 1924-ல் ஒரு பதிவேடு தொடங்கப்பெற்றது. நோயாளி ஒருவரைக் கண்டால் அவருடைய உறவினரையும் தேடிப் பரிசோதிப்பதே அதன் நோக்கம். நோய் தலைகாட்டுமுன்பே காக்கப்பட்ட உயிர்கள் பல.

இவ்விரண்டிலும், பழுதுள்ள பெற்றோரின் ஒவ்வொரு குழந்தைக்கும் அப்பழுது வருவதற்கும் வராமைக்கும் சம வாய்ப்பு. ஆண், பெண் என்ற பேதமில்லை. குலம் என்றதும் தந்தை வழியை மட்டும் எண்ணுவது நம் வழக்கம். இந்நோயோ தாய் வழியிலும் அதே அளவில் வரும். ஆகவே தாய்மாமனின் மரணமும் சிற்றப்பனின் மரணமும் ஒரே கணக்கில் சேர வேண்டியவை.

இவ்விரு நோய்களும் அரியவை என்று வாளாவிருத்தல் தகாது. இவை இல்லாத குடும்பத்திலும், பெற்றோர், உடன்பிறந்தார், மக்கள் ஆகியோரில் ஒருவருக்குப் பெருங்குடற்புற்று வந்திருந்தால், மற்றவர்க்கு அபாயம் ஏறக்குறைய இரு மடங்காகும். அத்தகையோர் 40 வயதிலோ, உறவினர்க்கு நோய் கண்ட வயதுக்குப் 10 வருஷம் முன்னரோ, இவற்றுள் எது முந்தியதோ அப்போதே குடலைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டுமென்பது வைத்தியர் கூறும் விதி. லிஞ்ச் நோய்ப் பழுதுடையோர் பெரும்பாலும் 25 வயது முதலே ஓரிரு வருஷத்துக்கொரு முறை இதைச் செய்துகொள்ள வேண்டும். குழாய் வழியே குடலுள் நோக்கும் கொலோனாஸ்கோபியின்போதே முளையை அகற்றிவிடலாம். முளை ஒழிந்தால் அதிலிருந்து புற்று எழ வழியில்லை.

ஆனால் வைத்தியருக்கு முதலில் தெரிய வேண்டுவது குடும்ப வரலாறு. அதைச் சொல்லத்தான் நாம் கூசுகிறோம். மலத்தில் இரத்தம் கண்டால் மூலமென்று நாமே தீர்ப்புக் கூறி மறைக்கிறோம். பாட்டனார் எதனால் இறந்தார் என்றால், ‘வயிற்றுக் கோளாறு’ என்று முடித்துவிடுகிறோம். மானம் காப்பதாக எண்ணி மக்களின் உயிரைப் பணயம் வைப்பது அறிவுடைமையாகுமா?

அத்தையற்காரி தன் குலத்தின் நோயை அறிந்திருந்தாள். அவளுக்குப் பரிகாரம் இல்லை. நமக்குப் பரிகாரம் இருக்கிறது. குலத்தின் நோயைக் கேட்டறிவதில்லை. பழுது இல்லையென்று இரத்தப் பரிசோதனையில் தெளிந்தவர், குடும்பத்தில் வரும் அப்பழுதைப் பற்றிய அச்சத்தை அன்றே துறக்கலாம். உண்டென்று தெளிந்தவர் காலத்தே காத்துக்கொள்ளலாம். இரண்டும் லாபமே. வீட்டில் முதியோர் இருக்கும்போதே, யார் எந்நோயால் எவ்வயதில் இறந்தார் என்று கேட்டு எழுதி வைப்பது ஒவ்வொரு குடும்பத் தலைவனின் கடமை. அதை இன்றே செய்தல் நலம்.