நான்கு விநாடியும் ஒரு தள்ளுவண்டியும்

சிவகாசிப் பட்டாசு ஆலைகளில் மருந்து அறைக்குள் காலை வைக்கும் முன் தொழிலாளி ஒரு காரியம் செய்ய வேண்டும். வாசலில் பதித்திருக்கும் செம்புத் தகட்டை வெறுங்கையால் தொட வேண்டும். புதிதாகப் பார்ப்பவர்களுக்குக் கோயில் படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் பழக்கம் போலத் தெரியும். ஆனால் இது இயற்பியல். நடந்து வரும்போது உடம்பில் சேர்ந்த நிலைமின்சாரம் அந்தத் தகடு வழியாக மண்ணுக்குள் இறங்கிவிடுகிறது.

கணக்கு எளிது. மனித உடம்பு சுமார் 100 பிக்கோஃபாரட் கொள்ளளவுள்ள மின்தேக்கி. செயற்கை இழைத் துணி உரசி, உடம்பு 10,000 வோல்ட்வரை ஏறினால் 5 மில்லிஜூல் ஆற்றல் சேரும். ஒரு கிராம் எடையை அரை மீட்டர் உயரம் தூக்க ஆகும் ஆற்றல் அவ்வளவுதான். மாவுபோன்ற அலுமினியத் தூள் கலந்த சில கலவைகளுக்கு அதுவே அதிகம். மழை குறைந்த வறண்ட காற்றுதான் பட்டாசுத் தொழிலை விருதுநகர் மாவட்டத்தில் வேரூன்ற வைத்தது. அதே வறட்சிதான் நிலைமின்சாரத்தையும் வளர்க்கிறது. 'உராய்வு' என்ற சொல்லைப் பாடப்புத்தகத்தில் படிக்கும் முன்பே விபத்துச் செய்திகளில் படித்துவிடுகிற பிள்ளைகள் தமிழ்நாட்டில் வேறெங்கும் இருப்பார்களா என்று தெரியவில்லை.

கையை மருந்துக்குப் பக்கத்தில் வைக்காமலே வேலையை முடிப்பது எப்படி? இந்தக் கேள்வி வேறொரு தொழிலில் இருப்பவர்களையும் விடாமல் துரத்தியிருக்கிறது. அவர்கள் போர்முனையில் குண்டு அகற்றும் சிப்பாய்கள். அவர்கள் கண்ட விடைகளில் சில ஆய்வகத்திலிருந்து வந்தவையல்ல. பழைய குழாய், தோட்டத்து வண்டி, பொம்மைக் கார் என்று காயலான் கடைக்காரர் எடைபோட்டு வாங்கக்கூடிய சாமான்களிலிருந்து பிறந்தவை.

தமிழர்களுக்கு இந்தக் கதையில் பழைய பங்கு உண்டு. பெங்களூரில் இன்றும் இயங்கும் மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவின் வேர் 1780இல் இருக்கிறது. அதன் வீரர்களை இராணுவத்தில் 'தம்பி' என்றே அழைப்பார்கள். பாலம் போடுவது, தடை உடைப்பது, கண்ணிவெடி அகற்றுவது அவர்கள் வேலை. 1912இல் அந்தப் பிரிவின் கேப்டன் மெக்ளின்டாக், முந்தைய போர்கள் மிச்சம் வைத்துப்போன கண்ணிகளையும் முள்வேலித் தடைகளையும் அகற்ற ஒரு வழி கண்டுபிடித்தார். நீளமான குழாய்க்குள் வெடிமருந்தை அடைத்து, மறைவில் இருந்தபடியே தடைக்கு அடியில் தள்ளிவிட்டு வெடிக்க வைப்பது. குழாயோடு குழாயைச் சேர்த்துக்கொண்டே போனால் ஆளுக்கும் வெடிக்கும் இடையே தூரம் கூடும். 'பெங்களூர் டார்பிடோ' என்ற பெயரோடு அது 1944இல் நார்மண்டிக் கடற்கரைவரை போனது.

அதே 1944. பிப்ரவரி 24ஆம் தேதி இத்தாலியில் மிஞ்ஞானோ ஊருக்கு அருகே, சாப்பர்ஸ் பிரிவின் சுபேதார் சுப்பிரமணியன் தன் ஆட்களோடு கண்ணிவெடிப் பாதையைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். பின்னால் வந்த ஒருவரின் கால் ஒரு கண்ணியில் பட்டது. அந்த வகைக் கண்ணி உடனே வெடிக்காது. சுமார் 4 விநாடி கழித்து இடுப்புயரம் துள்ளி எழும்பி, சுற்றிலும் இரும்புக் குண்டுகளைச் சிதறடிக்கும். சுப்பிரமணியனுக்கு அது தெரியும். தரையில் படுத்துத் தன்னைக் காத்துக்கொள்ள அந்த 4 விநாடி அவருக்குப் போதும். அவர் கண்ணியின் மேலேயே விழுந்தார். பக்கத்தில் இருந்தவர்கள் பிழைத்தார்கள். இறந்த பின் அவருக்கு ஜார்ஜ் கிராஸ் விருது வழங்கப்பட்டது.

அந்த இடத்தில் ஓர் உடம்புக்குப் பதிலாக ஒரு வண்டி நின்றிருந்தால்?

வண்டி வர இன்னும் 28 ஆண்டுகள் ஆயின. வட அயர்லாந்தில் காருக்குள் வைக்கப்பட்ட குண்டுகளை அகற்றப்போய் பிரிட்டிஷ் நிபுணர்கள் ஒருவர்பின் ஒருவராக உயிரிழந்துகொண்டிருந்த நேரம் அது. 1972இல் லெப்டினன்ட் கர்னல் மில்லர் என்பவர் தோட்டச் சாமான் கடைக்குப் போய், மின்சாரத்தில் ஓடும் தள்ளுவண்டி ஒன்றின் அடிச்சட்டத்தை வாங்கி வந்தார். மண் அள்ளவும் உரம் சுமக்கவும் செய்யப்பட்ட வண்டி. அதில் ஒரு கொக்கியை மாட்டி, சந்தேகத்துக்குரிய காரை இழுத்துவர வேண்டும் என்பது அவர் எண்ணம். தொடக்கத்தில் கயிறு கட்டித்தான் அதைத் திருப்பினார்கள். கயிறு சக்கரத்தில் சிக்கிச் சிக்கிப் பாடாய்ப் படுத்தியது. பிறகு மின்கம்பி வந்தது, கேமரா வந்தது, கை வந்தது. பெயர் மட்டும் மாறவில்லை. இன்றும் அதற்கு 'வீல்பேரோ', அதாவது தள்ளுவண்டி என்றே பெயர்.

அந்த வண்டி ஏந்திச் சென்ற ஆயுதம் இன்னும் சுவையானது: தண்ணீர். ஒரு குறுங்குழாயில் தண்ணீரை நிரப்பி, பின்னால் ஒரு தோட்டாவை வெடித்தால், தண்ணீர் ஈட்டிபோலப் பாயும். குண்டின் மின்சுற்று தூண்டப்படுவதற்குள் கம்பியையும் பேட்டரியையும் அது பிய்த்தெறிந்துவிடும். தண்ணீர் ஊற்றி மருந்தை நனைப்பது அல்ல இங்கே வித்தை, முந்திக்கொள்வதுதான். இந்த வேலையில் 400க்கும் மேற்பட்ட வண்டிகள் சிதறிப்போயின. ஒவ்வொன்றும் சிதறியபோது அதன் ஆள் தூரத்தில் நின்றுகொண்டிருந்தார்.

ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களில் இந்தக் கைவேலை மறுபடியும் தலைகாட்டியது. அமெரிக்கப் படையிடம் பேக்பாட் போன்ற நல்ல ரோபோக்கள் இருந்தன; ஆனால் எல்லாப் பிரிவுக்கும் எட்டவில்லை. ஆப்கானிஸ்தானில் இருந்த ஒரு வீரருக்கு, மினசோட்டாவில் இருந்த அவருடைய சகோதரர் ரிமோட்டில் ஓடும் பொம்மை லாரி ஒன்றைத் தபாலில் அனுப்பிவைத்தார். கடையில் கிடைக்கும் சாதாரண மாடல். மேலே ஒரு சிறிய வயர்லெஸ் கேமரா. படைவாகனத்துக்கு முன்னால் அதை ஓடவிட்டுத் திரையில் சாலையைப் பார்த்துக்கொண்டே போவார்கள். 2011இல் ஒருநாள் அது ஒரு கண்ணிக் கம்பியில் மோதியது. குண்டு வெடித்தது. பின்னால் வண்டியில் இருந்த ஆறு பேர் உயிரோடு திரும்பினார்கள்.

பாக்தாதில் ரோபோக்களுக்கென்றே பழுதுபார்க்கும் கூடம் ஒன்று இருந்தது. உடைந்த ரோபோவின் துண்டுகளைப் பெட்டியில் அள்ளிக்கொண்டு வருவார்கள். ஒன்றின் சக்கரம் இன்னொன்றுக்குப் போகும். 'ஸ்கூபி டூ' என்று பெயரிட்ட ரோபோவைத் தூக்கிவந்த வீரர், புதியது வேண்டாம், இதையேதான் சரிசெய்து தர வேண்டும் என்று நின்றாராம். டைக்ரிஸ் ஆற்றங்கரையில் ஓய்வு நேரத்தில் ரோபோவின் கையில் தூண்டிலைக் கொடுத்து மீன்பிடித்தவர்களும் உண்டு. கேலியாகத் தோன்றும். ஆனால் கருவியோடு இப்படி விளையாடியவர்களுக்குத்தான் அதன் கை எவ்வளவு நீளும், எந்த இடத்தில் சறுக்கும் என்பது தெரிந்திருக்கும். இதற்கு மறுபக்கமும் உண்டு: உளவு பார்க்கத் தந்த சிறு ரோபோவில் வெடியைக் கட்டி எதிரி மறைந்திருக்கும் சந்துக்குள் அனுப்பியதும் அதே ஒட்டுவேலைக் கைகள்தாம்.

இந்தியாவில் ஆய்வகம், கைவேலை என்ற இரண்டு பாதையும் இருக்கின்றன. பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டிஆர்டிஓவின் புனே ஆய்வகம் உருவாக்கிய 'தக்ஷ்', படியேறும், சுமார் 500 மீட்டர் தூரத்திலிருந்து இயக்கலாம். 2011 டிசம்பரில் இராணுவத்திடம் ஒப்படைக்கப்பட்டது. இன்னொரு பக்கம், சிப்பாய்களும் அதிகாரிகளும் தாங்களே செய்த கருவிகளைக் காட்டுவதற்கு 'இன்னோ யோத்தா' என்று இராணுவமே போட்டி நடத்துகிறது. பொறியாளர் பிரிவின் மேஜர் ராஜ்பிரசாத் உருவாக்கிய 'அக்னியாஸ்திரா', தொலைவிலிருந்தே ஒரே நேரத்தில் பல இலக்குகளை வெடிக்கச் செய்யும் கருவி; 2024 அக்டோபரில் பாதுகாப்புத் துறை அமைச்சர் அதை வெளியிட்டார்.

இதைப் படிக்கும் சிவகாசிக்காரருக்கு ஒரு கேள்வி எழுவது நியாயம்: போர்முனைக்கு வந்தது இங்கே ஏன் வரவில்லை?

கைத்திறனுக்குப் பஞ்சமில்லை. பழைய அச்சு இயந்திரங்களைப் பிரித்து மாட்டி ஓடவிடும் மெக்கானிக்குகள் நிறைந்த ஊர் இது. 1984இல் தொடங்கிய இங்குள்ள பொறியியல் கல்லூரி, அலுமினியத் தூள் தயாரிக்கும் நிறுவனத்தின் பெயரையே தாங்கி நிற்கிறது. பக்கத்துக் கரிசலில், சங்கரன்கோவில் அருகே குத்தாலப்பேரியில், 2014 ஏப்ரலில் ஆழ்துளைக் கிணற்றில் விழுந்த 3 வயதுச் சிறுவனை உயிரோடு தூக்கியது மதுரை மணிகண்டன் சொந்தமாகச் செய்த ரோபோ. அவருடைய மகனும் முன்பு அப்படி விழுந்து பிழைத்தவன். யாருடைய வயிறு கலங்கியதோ அவரே கருவி செய்திருக்கிறார்.

தடை வேறிடத்தில் இருக்கிறது. பொம்மைக் காரின் மோட்டாருக்குள் கார்பன் பிரஷ் இருக்கும். சுழலும்போதெல்லாம் நுண்பொறி பறக்கும். ஆப்கன் சாலையில் அது ஒரு பொருட்டே இல்லை. அலுமினியத் தூள் மிதக்கும் அறையில் அதுவே தீக்குச்சி. ஆகவே மோட்டாரைச் சுவருக்கு வெளியே நிறுத்த வேண்டும், அல்லது அழுத்தக் காற்றில் ஓடும் கருவி வேண்டும். காற்று பாயும் பிளாஸ்டிக் குழாயிலும் நிலைமின்சாரம் சேரும் என்பதால் அதற்கும் மண்ணிணைப்பு தேவை. சீனாவின் பட்டாசு நகரமான லியுயாங்கில் இப்படிப்பட்ட அறைகள் ஓடுகின்றன: உள்ளே இயந்திரம் கலக்கும், தடித்த சுவருக்கு அப்பால் ஆள் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். இங்கே சிறு ஆலைகள் அதிகம், ரகங்களும் அதிகம். ரகத்துக்கு ரகம் கலவை மாறும். இயந்திரம் வந்தால் கூலி போய்விடும் என்ற பயமும் சும்மா வந்ததல்ல.

தூரம் எவ்வளவு முக்கியம் என்பதை 2012 செப்டம்பர் 5 காட்டியது. சிவகாசி அருகே முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை விபத்தில் சுமார் 40 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் ஆலைத் தொழிலாளர்களே அல்ல. முதல் சத்தம் கேட்டு உதவ ஓடிவந்த அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள்.

குண்டகற்றும் ரோபோ படியேற வேண்டும், கதவு திறக்க வேண்டும், முன்பின் தெரியாத பெட்டியைப் பிரிக்க வேண்டும். மருந்து அறையில் வேலை அதைவிடச் சின்னது. எடைபோட்ட பொடிகளைச் சல்லடையில் கொட்டி, மெதுவாக ஆட்டி, மறுபடியும் ஆட்ட வேண்டும். இடம் மாறாது, அசைவு மாறாது. சல்லடையை ஒரு சட்டத்தில் தொங்கவிட்டு, சுவரில் துளையிட்டு, பாதுகாப்பு மண்மேட்டுக்கு அப்பால் நின்று ஒருவர் கயிற்றை இழுத்தால்கூட முதல் மாதிரி தயார். மில்லரின் வண்டியும் கயிற்றில்தான் தொடங்கியது. இங்கே சக்கரம் இல்லாததால் கயிறு சிக்கவும் சிக்காது.