குழந்தையைக் காப்பது யார் பொறுப்பு?

ஆறு வயதுக்குட்பட்ட எல்லாக் குழந்தைகளையும் பராமரிக்க அரசு தன் செலவில் ஏற்பாடு செய்ய வேண்டுமா? குழந்தை வளர்ப்பு குடும்பத்தின் கடமை, அதில் அரசு தலையிடலாகாது என்கின்றனர் சிலர். கூலிக்குச் செல்லும் தாய்க்கு வேறு வழி என்ன என்று கேட்கின்றனர் வேறு சிலர்.

நமக்கு இது புதிய கேள்வி அல்ல. 1975 அக்டோபர் 2-இல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் நாட்டில் தொடங்கியது. 1980-இல் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் நம் மதுரை மாவட்டத்துக் கொட்டாம்பட்டியில்தான் முதலில் செயல்படுத்தப்பட்டது. ஒவ்வொரு குடியிருப்பிலும் அங்கன்வாடி வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2001-இல் ஆணையிட்டது. ஆறு வயதுக்குட்பட்ட 40 குழந்தைகள் இருந்தும் மையம் இல்லாத ஊர், அதைக் கேட்டுப் பெறலாம் என்று 2006-இல் கூறியது.

ஆயினும் ஓர் இடைவெளி உண்டு. 2002-ஆம் ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தம் 6 முதல் 14 வயது வரையுள்ளோரின் கல்வியை அடிப்படை உரிமையாக்கியது. ஆறு வயதுக்குட்பட்டோரின் பராமரிப்பையோ, அரசு முயல வேண்டிய நெறியாக மட்டுமே வைத்தது. இதன் விளைவை நம் கிராமங்களில் காண்கிறோம். மல்லிகை பறிக்கும் தாய் பொழுது விடியுமுன் தோட்டத்திற்குச் செல்கிறார். அங்கன்வாடி திறக்கப் பல மணி நேரம் ஆகும். கைக்குழந்தைக்கு அங்கே சத்துமாவு கிடைக்கும்; நாள் முழுவதும் விட்டுச்செல்ல இடம் கிடைக்காது. எனவே பாட்டி பார்த்துக்கொள்வார். பாட்டி இல்லாத வீட்டில் அக்காவின் படிப்பு நின்றுபோகும்.

திருச்சபை என்ன கற்பிக்கிறது? குடும்பம் தானே செய்யக்கூடியதை அரசு பறித்துக்கொள்ளக் கூடாது. குடும்பத்தால் இயலாதபோது அரசு துணைநிற்க வேண்டும். திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் 1931-இல் விளக்கிய சமூகக் கோட்பாடு இது. தாய்மையின் பொருட்டுப் பெண்கள் வேலையில் பாதிக்கப்படக் கூடாது என்று புனித இரண்டாம் ஜான் பால், உழைப்பைப் பற்றிய 1981-ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் வலியுறுத்தினார். ஆகவே குழந்தைகள் காப்பகம் தாயின் இடத்தைப் பிடிப்பதற்கு அல்ல. உழைக்கும் தாயின் கையைத் தாங்குவதற்கே. அதைப் பயன்படுத்துவதும் தவிர்ப்பதும் பெற்றோரின் உரிமை.

அன்பார்ந்தவர்களே, சிறு பிள்ளைகளைத் தடுத்த சீடர்கள்மேல் இயேசு கோபம் கொண்டார் (மாற்கு 10:14). நம் அன்பியங்களில் வேலைக்குச் செல்லும் தாய்மார் எத்தனை பேர், அவர்களின் குழந்தைகள் பகலில் எங்கே இருக்கின்றனர் என்று கேட்டறிவோம். வேலை நேரத்திற்கு ஏற்ற காப்பகம் வேண்டுமென்று கிராம சபையில் எழுந்து பேசுவோம். அதுவரை பூட்டிக் கிடக்கும் நம் பங்கு மன்றங்களைக் குழந்தைகளுக்காகத் திறப்போம்.