டீசல் மகிழுந்து: சிக்கனம் இருந்தும் செல்வாக்குக் குன்றியது ஏன்?

நரிக்குடி வட்டாரத்தில் டீசல் என்பது ஊர்திக்குரிய எண்ணெய் மட்டுமன்று. மழை பொய்த்த ஆண்டுகளில் கண்மாயின் அடியில் தேங்கிய நீரை வயலுக்கு ஏற்றிய இயந்திரமும், சீமைக்கருவேல மூட்டக்கரியைச் சுமந்து செல்லும் லாரியும், உழவுக்கு வரும் டிராக்டரும், அருப்புக்கோட்டைக்குச் செல்லும் பேருந்தும் அதனைக் குடித்தே இயங்கி வந்தன. ஆகவே, லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்னும் கணக்கு இங்குள்ள சிறுவர்க்கும் மனப்பாடம். இத்தகைய கரிசல் ஊர்களிலிருந்து சவுதிக்கும் சிங்கப்பூருக்கும் பொருளீட்டச் சென்று திரும்புவோர் ஒரு செய்தியை வியப்புடன் கூறுவதுண்டு: அங்கெல்லாம் டீசல் கார் கண்ணிற்படுவதே அரிது. குறைந்த எண்ணெயில் நெடுந்தொலைவு ஓடும் வண்டியைச் செல்வ நாடுகள் ஒதுக்குவானேன்? இவ்வினாவுக்கு விடை காண முற்பட்ட நாம், நம் நாட்டிலேயே அவ்விடையின் பெரும்பகுதி கிடப்பதைக் கண்டோம். (தமிழ்த்துறை மலராதலின் தலைப்பில் ‘மகிழுந்து’ என்று எழுதினோம், நரிக்குடிக் கடைத்தெருவில் அது கார்தான்.)

முதலில் சிக்கனத்தின் காரணத்தை நோக்குவோம். பெட்ரோல் இயந்திரத்தில் எரிபொருளும் காற்றும் கலந்த கலவையைத் தீப்பொறி பற்றவைக்கிறது. டீசல் இயந்திரத்திலோ தீப்பொறிக்கு வேலையில்லை. காற்றை மிகக் கடுமையாக அழுத்தி, அதனால் எழும் வெப்பத்தில் எண்ணெயைப் பீய்ச்சினால் அது தானே பற்றிக்கொள்ளும். அழுத்தம் மிகுதியாதலின் எரிபொருளின் ஆற்றலில் கூடுதல் பங்கு உழைப்பாக மாறுகிறது. மேலும், ஒரு லிட்டர் டீசலில் ஒரு லிட்டர் பெட்ரோலைவிட ஏறத்தாழப் பத்து விழுக்காடு ஆற்றல் அதிகம். ருடால்ஃப் டீசல் கண்ட இவ்வகை இயந்திரமொன்று 1900ஆம் ஆண்டின் பாரிசுப் பொருட்காட்சியில் நிலக்கடலை எண்ணெயில் ஓடிக்காட்டியது என்பது, கடலை விளைவிக்கும் நம் மக்கள் அறிந்து மகிழத்தக்க செய்தியாகும்.

எனினும், அவ்வழுத்தத்தைத் தாங்கக் கனத்த இரும்பும், நுட்பமான பம்பும் வேண்டும். எனவே டீசல் காரின் விலை எப்போதும் அதிகம். வாங்கும்போது கூடுதலாகக் கொடுத்த பணத்தை, ஓட்டி ஓட்டி எண்ணெயில் மீட்க வேண்டும். எத்தனை ஆண்டில் மீளும் என்பதை இயந்திரம் மட்டும் தீர்மானிப்பதில்லை. அரசின் வரிக்கும் அதில் பெரும்பங்குண்டு.

இந்தியாவில் உழவர், லாரி, பேருந்து ஆகியோரை முன்னிட்டு டீசல் விலை நெடுங்காலம் தாழ்த்தி வைக்கப்பட்டது. 2010 சூன் திங்களில் பெட்ரோல் விலைக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது, டீசலுக்கு நீக்கப்படவில்லை. 2012 மே இறுதியில் தில்லியில் பெட்ரோல் 73 ரூபாய், டீசல் ஏறத்தாழ 41 ரூபாய். பெட்ரோல் கார் லிட்டருக்கு 15 கிலோமீட்டரும், டீசல் கார் 20 கிலோமீட்டரும் ஓடுவதாகவும், டீசல் காருக்கு ஒரு லட்சம் ரூபாய் கூடுதல் விலை என்றும் வைத்துக்கொள்வோம். கிலோமீட்டருக்கு இரண்டே முக்கால் ரூபாய்க்கு மேல் மிச்சம். 35,000 கிலோமீட்டர் ஓடினால் முதல் கைக்கு வந்துவிடும். மக்கள் கணக்கறியாதவர் அல்லர். அக்காலத்தில் விற்ற புதிய கார்களில் பாதிக்கு மேற்பட்டவை டீசல் கார்களாயின. ஃபியட் நிறுவனத்தின் 1.3 லிட்டர் டீசல் இயந்திரம் ஒன்றே மாருதியின் சுவிஃப்ட்டிலும் டாட்டாவின் இண்டிகா விஸ்டாவிலும் இடம்பெற்றது.

இங்கே ஒரு முறைகேடு இருந்ததை மறைத்துப் பயனில்லை. மானாவாரி உழவனுக்கென அரசு சுமந்த மானியம், நகரத்துச் சொகுசுக் காரின் தொட்டியிலும் நிரம்பியது. 2010இல் கிரித் பாரிக் தலைமையிலான குழு, டீசல் கார் ஒவ்வொன்றின்மீதும் 80,000 ரூபாய் கூடுதல் வரி விதிக்கலாம் என்று பரிந்துரைத்தது. அது நடைமுறைக்கு வரவில்லை. இல்லாதவர் பெயரால் எடுக்கப்பட்டது இருப்பவர் வீட்டு வாயிலில் போய் நிற்பது, ஜகாத்தைக் கடமையாகக் கொண்ட சமுதாயத்தினர்க்கு உறுத்தலாகவே தோன்றும்.

2013 சனவரி முதல் டீசல் விலை மாதந்தோறும் சிறிது சிறிதாக ஏற்றப்பட்டு, 2014 அக்டோபரில் கட்டுப்பாடு முற்றும் நீங்கியது. 2020 சூன் திங்களில் தில்லியில் டீசல் பெட்ரோலையே விலையில் விஞ்சிய விந்தையும் நிகழ்ந்தது.

அடுத்த அடி புகையால் விழுந்தது. டீசல் எரியும்போது நுண்கரித்துகளும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் மிகுதியாக வெளிப்படுகின்றன. டீசல் புகை புற்றுநோய் விளைவிப்பது என்று உலக நலவாழ்வு நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆய்வு முகமை 2012இல் வகைப்படுத்தியது. 2015இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தில்லி வட்டாரத்தில் பத்தாண்டு கடந்த டீசல் ஊர்திகளுக்குத் தடை விதித்தது. 2018இல் உச்ச நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. 2020 ஏப்பிரல் முதல் நாளில் பாரத் நிலை 6 விதிகள் நாடெங்கும் நடப்புக்கு வந்தன. டீசலிலுள்ள கந்தகத்தின் மேல்வரம்பு பத்து இலட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காயிற்று. கரியைப் பிடிக்க வடிகட்டி, நைட்ரஜன் ஆக்சைடை முறிக்கத் தனிக் கருவி எனச் செலவு ஏறியது. மாருதி நிறுவனம் அவ்வாண்டே டீசல் கார் விற்பனையைக் கைவிட்டது. சில ஆண்டுகளுக்குள் புதிய கார்களில் டீசலின் பங்கு ஐந்தில் ஒன்றுக்கும் கீழே சரிந்தது.

பழைய கணக்கை மீண்டும் போடுவோம். பெட்ரோல் 100 ரூபாய், டீசல் 92 ரூபாய், காரின் விலையில் வேறுபாடு ஒன்றரை லட்சம் எனில், முதல் மீள ஏறத்தாழ 72,000 கிலோமீட்டர் ஓட வேண்டும். ஆண்டுக்கு 8,000 கிலோமீட்டர் ஓட்டும் ஆசிரியருக்கு அதற்கு ஒன்பதாண்டு ஆகும்.

பிற நாடுகளின் கதையும் இதன் மாற்றுருவமே. வளைகுடாவில் பெட்ரோல் மிக மலிவு; மிச்சம் பிடிக்க அங்கே தூண்டுதலே இல்லை. சிங்கப்பூரில் டீசல் காருக்குச் சாலைவரியோடு தனிவரியும் உண்டு. பிரேசில் 1970களிலிருந்தே இலேசான பயணிகள் காரில் டீசலைத் தடுத்து, அதனை லாரிக்கும் பேருந்துக்கும் ஒதுக்கியது. அமெரிக்க ஒன்றிய அரசு காலனுக்குப் பெட்ரோல்மீது 18.4 சென்டும் டீசல்மீது 24.4 சென்டும் வரி விதிக்கிறது. அங்கே 1978இல் வெளிவந்த ஓல்ட்ஸ்மொபில் டீசல் கார்கள் அடிக்கடி பழுதாகி டீசலின் பெயரையே கெடுத்தன. சப்பானில் தோக்கியோ ஆளுநர் இஷிஹாரா 1999இல் டீசல் கரி நிரம்பிய குப்பியைச் செய்தியாளர் முன் குலுக்கிக் காட்டி இயக்கமே நடத்தினார். ஐரோப்பா மட்டும் டீசலுக்கு வரியைக் குறைத்து வளர்த்தது. ஒரு கட்டத்தில் மேற்கு ஐரோப்பாவின் புதிய கார்களில் பாதிக்கு மேல் டீசல். 2015 செப்டம்பரில் ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் சோதனைக் கூடத்தில் மட்டும் புகையைக் குறைத்துக் காட்டும் மென்பொருளை உலகெங்கும் ஏறத்தாழ ஒரு கோடியே பத்து இலட்சம் ஊர்திகளில் பொருத்தியிருந்தது அம்பலமாயிற்று. நிறுவையில் மோசடி செய்வோரைத் திருக்குர்ஆன் கடிந்துரைக்கிறது. புகையின் நிறுவையிலும் மோசடி உண்டென்பதை அன்று உலகம் கண்டது.

அவ்வாறாயின் நம் ஊர் வாடகைக் கார் ஓட்டுநர் என் செய்வது? நிக்காஹ் வீட்டாரையும், நள்ளிரவில் வலி கண்ட கர்ப்பிணியையும் மதுரைக்கு அழைத்துச் செல்லும் அவருக்கு 72,000 கிலோமீட்டர் என்பது ஒன்றரை அல்லது இரண்டு ஆண்டு ஓட்டமே. கணக்கின்படி டீசல் அவருக்கு இன்றும் ஆதாயந்தான். ஆயின் புதிய வண்டியில் ஒரு சங்கடம் உளது. வடிகட்டியில் சேர்ந்த கரி எரிந்து நீங்க, இயந்திரம் நன்கு சூடேறிச் சிறிது நேரம் ஒரே சீராக ஓட வேண்டும். நரிக்குடிக்கும் திருச்சுழிக்கும் இடையே நின்று நின்று ஓடும் சவாரியில் அச்சூடு பிறப்பதில்லை. எச்சரிக்கை விளக்கு எரிந்தால், அருப்புக்கோட்டையை ஒட்டிச் செல்லும் மதுரை–தூத்துக்குடி நான்குவழிச் சாலைக்கு ஏறி, ஆளின்றி வெறும் வண்டியை ஓட்டிவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். அவ்வெற்றோட்டத்திற்கான டீசலை எந்தச் சவாரியின் வாடகையில் சேர்ப்பது என்பது அவருடைய கணக்கு.