வெண்பனி மலையில் நம் பிள்ளைகள்

நம் நாட்டிற் பள்ளி விடுமுறை வந்தால் பிள்ளைகளைக் கடற்கரைக்கோ கோயில் திருவிழாவுக்கோ அழைத்துச் செல்வது வழக்கம். சுவிற்சர்லாந்திலோ மாசி மாத அளவில் பிள்ளைகளுக்கு ஒருவார விடுமுறை வருகின்றது. அவ்வாரத்திலே பெற்றோர் பலர் தம் பிள்ளைகளுடன் மலைக்குப் புறப்படுகின்றனர். புகையிரத நிலையங்களில் நின்று பார்த்தால், நான்கு ஐந்து வயதுக் குழந்தைகளும் பெருஞ் சப்பாத்துகள் அணிந்து, தலைக்கவசம் தரித்து, தம் உயரத்துக்கு ஏறக்குறையச் சமமான இரு பலகைகளை அணைத்துக்கொண்டு நிற்பதைக் காணலாம். பனிச்சறுக்குப் பயில அவர்கள் போகின்றார்கள்.

இவ்விடயத்தை ஏட்டிற் படித்தறிந்தவனாகவே நானும் இருந்தேன். பேர்ண் நகரில் வாழும் என் தங்கையின் வீட்டுக்கு ஒரு மாரிகாலத்திற் சென்றபோதே, அது நம்மவர் வீடுகளிலும் ஒரு பெரும் வழக்காக இருப்பதை அறிந்தேன்.

சாப்பாட்டு மேசையில் ஒரு கடிதம் கிடந்தது. பன்னிரண்டு வயதான என் மருமகனின் வகுப்பு, பங்குனியில் ஐந்து நாள் பனிச்சறுக்கு முகாமுக்குச் செல்கின்றது. பெற்றோர் கையொப்பமிட்டு அனுப்பவேண்டும் என்பது அதன் சாரம். சென்ற வருடமும் இத்தகைய கடிதம் ஒன்று வந்ததாம். கையொப்பம் இடப்படவில்லை. முகாமுக்குச் செல்லாத பிள்ளை வீட்டிலிருக்க முடியாது. பாடசாலையில் வேறு வகுப்புடன் அமர்ந்திருக்க வேண்டும். அவ்வாறே அவனும் ஐந்து நாள் அமர்ந்திருந்தான்.

“காலை முறித்துக்கொண்டு வந்தால் யார் பார்ப்பது, அண்ணா? அங்கே என்ன சாப்பாடு கொடுப்பார்களோ!” என்றாள் தங்கை.

“மச்சான், இருபத்தைந்து வருடமாக இந்த வெண்பனியைப் பார்க்கிறேன். விடியற்காலையில் அதை மண்வாரியால் அள்ளி ஒதுக்கியிருக்கிறேனேயன்றி, அதில் விளையாடி அறியேன்” என்றார் உணவுச்சாலையில் வேலைபார்க்கும் மைத்துனர்.

பையன் அவர்கள் முன்னிலையில் ஒன்றும் பேசவில்லை. இரவு என்னிடம் வந்து, “மாமா, போன வருடம் என் வகுப்பில் நான் ஒருவன்தான் போகவில்லை. அவர்கள் திரும்பி வந்து ஒரு மாதமாக அதையே பேசினார்கள். எனக்குப் பேச ஒன்றும் இருக்கவில்லை” என்றான்.

மறுநாள் மூவருமாகப் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். விடுமுறையில் மூன்று நாள் குடும்பமாக மலைக்குச் செல்வது. கண்ணாற் கண்டபின் கையொப்பத்தைப் பற்றி யோசிப்பது.

இந்த விடுமுறையும் முகாமும் தோன்றிய வரலாறு மாணவர் அறியத்தக்கது. இரண்டாம் உலக மகாயுத்த காலத்தில் சுவிற்சர்லாந்து நிலக்கரித் தட்டுப்பாட்டினால் வருந்தியது. பாடசாலைகளைச் சூடாக வைத்திருக்க எரிபொருள் போதவில்லை. எனவே கடும் குளிர்காலத்தில் அவற்றைச் சில நாள் மூடினர். வீட்டில் முடங்கிய பிள்ளைகளை மலைக்கு அனுப்பிப் பனிச்சறுக்குப் பயிற்றும் வழக்கம் அதனாற் பெரிதும் வளர்ந்தது. அந்நாட்டுப் பனிச்சறுக்குச் சங்கம் 1941ஆம் ஆண்டிலே தேசிய இளைஞர் முகாமொன்றைத் தொடங்கியது. இன்றும் பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகள் அறுநூறு பேர் வரையிற் சீட்டுக் குலுக்கித் தெரியப்பட்டு, அம்முகாமுக்கு அழைத்துச் செல்லப்படுகின்றனர். யுத்தம் முடிந்தது, விடுமுறை நிலைத்துவிட்டது.

நாங்கள் தெரிந்தெடுத்த ஊர் வெங்கன். பேர்ணிலிருந்து இன்ரர்லாக்கன் வழியாக லௌற்றர்புறுனன் பள்ளத்தாக்கை அடைந்து, அங்கிருந்து பற்சக்கரப் புகையிரதத்தில் மலையேற வேண்டும். 1893இல் திறக்கப்பட்ட பாதை அது. வெங்கனுக்கு மோட்டார் வண்டிகள் செல்லும் வீதி இல்லை. வண்டியில் வருவோர் அதனைக் கீழே விட்டுவிட்டுப் புகையிரதத்திலேயே ஏறுகின்றனர். ஆதலாற் குழந்தைகள் தெருவில் அச்சமின்றித் திரிகின்றார்கள்; சறுவண்டியில் பெட்டிகளை இழுத்துச் செல்கின்றார்கள். புதியவர் பயிலும் சரிவு ஊரின் நடுவிலேயே இருக்கின்றது. தாய்மார் ஓரத்தில் நின்று பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். சிறுவருடன் செல்வோர் ஓர் ஊரைத் தெரியும்போது முதலிற் கவனிக்க வேண்டியவை இவையே.

வெங்கன் கடல் மட்டத்துக்கு மேல் 1,274 மீற்றர் உயரத்தில் உள்ளது. நமது நுவரெலியா 1,868 மீற்றர். உயரத்தில் நம்மூர் முந்தியிருந்தும், அங்கே வீடுகள் வெண்பனியிற் புதைந்து கிடக்க, இங்கே தேயிலை தளிர்க்கின்றது. வெங்கன் வட அகலக்கோடு 46 பாகைக்கு அப்பாலும், நுவரெலியா 7 பாகைக்கு அண்மையிலும் இருப்பதே காரணம். பூகோள பாடத்தில் எத்தனையோ முறை கற்பித்த உண்மை, அன்று காலை முழங்காலளவு வெண்பனியில் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது.

ஊருக்கு மேலே ஐகர், மொன்க், யுங்பிறௌ என்னும் மூன்று சிகரங்கள் நிற்கின்றன. பின்னிரண்டுக்கும் துறவி, கன்னி என்பது பொருள். பள்ளத்தாக்கின் எதிர்ப்புறத்தில் உள்ள மியூறன் ஊரிலேதான் ஆணல்ட் லன் என்னும் ஆங்கிலேயர் 1922இல் கொடிகளை நட்டு, அவற்றினூடே வளைந்து வளைந்து இறங்கும் நவீனப் போட்டியைத் தொடக்கினார். வெங்கனிற்கு மேலே 1930 முதல் நடைபெறும் லௌபர்ஹோர்ண் ஓட்டப் பாதை நான்கு கிலோமீற்றருக்கும் மேல் நீண்டது.

முதல் நாள் காலை வாடகைக் கடைக்குச் சென்றோம். சப்பாத்தும் பலகையும் அங்கே கிடைக்கும். வளரும் பிள்ளைக்கு இவற்றை விலைகொடுத்து வாங்குவது வீண் செலவு. தொடங்கும் பிள்ளைக்குப் பலகை நாடியளவு உயரமிருந்தாற் போதும். கடைக்காரர் பிள்ளையின் நிறை, உயரம், வயது, பயிற்சி ஆகியவற்றைக் கேட்டு எழுதினார். சப்பாத்தைப் பலகையுடன் பிணைக்கும் பூட்டு, விழும்போது தானே கழன்று காலை விடுவிக்க வேண்டும். எவ்வளவு விசையிற் கழலவேண்டும் என்பது இவ்விவரங்களைக் கொண்டே அமைக்கப்படுகின்றது. நிறையைக் கூட்டியோ குறைத்தோ சொல்லலாகாது. கால் முறிவைப் பற்றி அஞ்சிக்கொண்டிருந்த தங்கை, அப்பூட்டைத் தன் கையால் இருமுறை கழற்றிப் பார்த்த பின்னரே கடையை விட்டு வெளியே வந்தாள்.

உடையிலும் சில நுட்பங்கள் உள. பருத்திச் சட்டை வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே கிடக்கும். உடலோடு ஒட்டிய உடை கம்பளி நூலால் ஆனதாயிருத்தல் நன்று. கால்மேசு இரண்டு சோடி அணிந்தாற் சப்பாத்து இறுகிக் கால் விறைக்கும். ஒரு சோடியே போதும். வெண்பனி சூரிய ஒளியைப் பெரும்பகுதி திருப்பி எறிவதால், குளிரிலும் முகம் கருகும். கண்ணாடியும் களிம்பும் இன்றியமையாதவை.

ஐந்து வயதான சின்னவள், சிறுவர் தோட்டம் என அழைக்கப்படும் வேலியிட்ட இடத்துக்குச் சென்றாள். அங்கே வண்ணப் பதுமைகளும் வளையங்களும் இருந்தன. மேலே ஏறுவதற்கு நிலத்தோடு ஊர்ந்து செல்லும் ஒரு பட்டை உண்டு. குழந்தைகள் அதன்மீது நின்றால் அது அவர்களைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். மந்திரக் கம்பளம் என்று அதற்குப் பெயர். சிறுவர்க்கு ஊன்றுகோல் கொடுப்பதில்லை. பலகைகளின் முன் நுனிகளை நெருக்கிப் பின் நுனிகளை அகற்றி ஆப்புப் போல வைத்தால் வேகம் தணியும். அந்த வடிவத்தைப் பீட்சாத் துண்டு என்று சொல்லிக் கொடுக்கின்றார்கள். “பீட்சா! பீட்சா!” என்று ஆசிரியை கூவ, எங்கள் சின்னவள் உச்சியிலிருந்து நேரே வந்து ஆசிரியையின் மடியிலேயே விழுந்தாள். மத்தியானத்துக்குள் நின்று காட்டவும் கற்றுக்கொண்டாள்.

மூத்தவனுக்கு அது அவ்வளவு எளிதாயிருக்கவில்லை. பன்னிரண்டு வயதிலே பயமும் வெட்கமும் சேர்ந்து வந்துவிடுகின்றன. தன்னிலும் சிறியவர் வழுக்கிச் செல்ல, அவன் விழுந்து விழுந்து எழுந்தான். ஆசிரியர் முதற் பாடமாகக் கற்பித்ததே எப்படி விழுவது, எப்படி எழுவது என்பதுதான். பக்கவாட்டில் விழவேண்டும், பலகைகளைச் சரிவுக்குக் குறுக்கே வைத்துப் பின்னர் எழவேண்டும். பதினொரு முறை விழுந்ததாகத் தங்கை எண்ணிச் சொன்னாள். ஒவ்வொரு முறையும் அவள் ஓரடி முன்வைத்தாள். ஒவ்வொரு முறையும் மைத்துனர் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். எட்டாவது முறையின் பின் அவன் எங்களைத் திரும்பிப் பார்ப்பதை விட்டுவிட்டான். அதன்பின் நன்றாகவே இறங்கினான்.

இரண்டாம் நாள் மைத்துனரும் ஒரு சோடி பலகையை வாடகைக்கு எடுத்தார். மகள் கரையில் நின்று “அப்பா, பீட்சா!” என்று கற்பிக்க, அவர் மல்லாந்து விழுந்தார். பையன் வாய்விட்டுச் சிரித்தான். பின்னர் வந்து, விழுந்தவர் எழும் முறையைத் தந்தைக்குக் காட்டிக்கொடுத்தான்.

மூன்றாம் நாள் ஆசிரியர் தம் மாணவரைப் புகையிரதத்தில் மேலே அழைத்துச் சென்றார். அந்நாட்டிற் சறுக்குப் பாதைகள் நீலம், சிவப்பு, கறுப்பு என மூன்று தரமாகப் பிரிக்கப்பட்டுள்ளன. நீலம் எளியது, கறுப்புக் கடினமானது. 1967ஆம் ஆண்டு முதல் சர்வதேசச் சங்கத்தின் ஒழுங்கு விதிகளும் உள. அவற்றுட் சிறுவர் மனத்திற் பதிக்கவேண்டியவை இரண்டு: பின்னால் வருபவனே முன்னே செல்பவனுக்கு இடர் நேராதவாறு வழியைத் தெரிந்துகொள்ள வேண்டும், பாதையின் நடுவிலே காரணமின்றி நிற்கலாகாது. குறியிட்ட பாதையை விட்டு விலகுதல் பேராபத்து. பனிச்சரிவு அபாயத்தை ஐந்து படிகளாக வகுத்து, தாவோஸ் ஆராய்ச்சி நிலையம் மாரிகாலத்தில் நாள்தோறும் அறிவிக்கின்றது. மலையை அறிந்தவர்களும் அவ்வறிவித்தலைப் பார்த்தே புறப்படுகின்றனர்.

மத்தியானம் அவன் நீலப் பாதையொன்றில் தன் வரிசையின் கடைசி ஆளாக இறங்கி வந்தான். மெதுவாகத்தான் வந்தான், ஆயினும் விழவில்லை.

இவ்விளையாட்டுச் செலவு மிக்கது என்பதை மறைக்கலாகாது. வாடகை, பயிற்சி, புகையிரதம், தங்குமிடம் யாவும் சேர்ந்தால் ஒரு தொழிலாளியின் குடும்பத்துக்கு அது பெருஞ்சுமை. மூன்று நாளுக்கு மேல் எங்களாலும் தங்க இயலவில்லை. இதனாலேயே பள்ளி முகாம் ஏழைப் பிள்ளைக்கு ஒரு பெரும் வாய்ப்பாகின்றது. கட்டாயமான பள்ளி முகாமுக்குப் பெற்றோரிடம் உணவுச் செலவை மாத்திரமே வாங்கலாம் என்றும், அதுவும் வயதுக்கேற்ப நாளொன்றுக்கு 10 முதல் 16 பிராங்கு வரையே என்றும் அந்நாட்டு உயர் நீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்தது. இன்னொரு கவலையும் உண்டு. பூமி வெப்பமடைந்து வருவதாற் தாழ்ந்த மலைகளில் வெண்பனி குறைந்துகொண்டே போகின்றது. சுமார் 800 மீற்றர் உயரத்தில் வெண்பனி கிடக்கும் நாட்கள் 1970ஐ நோக்க ஏறக்குறையப் பாதியாகிவிட்டன. பேரப்பிள்ளைகளுக்கு இது எவ்வளவு எஞ்சுமோ!

1983ஆம் ஆண்டுக்குப் பின்னர் நம்மவர் பல்லாயிரவர் அந்நாட்டிற் குடியேறினர். அவர்களுக்கு வெண்பனி என்பது வேலைக்குப் போகும் வழியில் வந்த துன்பம். அங்கே பிறந்த பிள்ளைகளுக்கோ அது ஊர்; தோழருடன் கூடி விளையாடும் முற்றம். பெற்றோரின் அச்சம் அன்பினால் வந்ததே. ஆயினும் அவ்வச்சம் பிள்ளையை ஐந்து நாள் வேறொரு வகுப்பின் கடைசி வாங்கில் இருத்திவிட்டது.

பேர்ண் திரும்பிய அன்றிரவு மைத்துனர் கடிதத்திற் கையொப்பமிட்டார். தங்கை அதனை வாங்கி, உணவு பற்றிய இடத்தில் “மாட்டிறைச்சி உண்பதில்லை” என்று தெளிவாக எழுதி, அதன் கீழே ஒரு கோடும் இட்டாள்.

நான் யாழ்ப்பாணம் திரும்பிய பின்னர், பங்குனிக் கடைசியில் அவளிடமிருந்து செய்தி வந்தது. பையன் முகாமுக்குப் போய் வந்துவிட்டானாம். கால் இரண்டும் நலமாம். கையுறை ஒன்றைத்தான் தொலைத்துவிட்டானாம்.