மல்டிபிள் ஸ்கிளெரோசிஸ்: நரம்பிழைகளை வாட்டும் ஆற்றல் பற்றாக்குறை

மூளையையும் தண்டுவடத்தையும் பாதிக்கும் மல்டிபிள் ஸ்கிளெரோசிஸ் நோய்க்கான முதல் மருந்துக்கு அமெரிக்காவில் 1993ஆம் ஆண்டு அனுமதி கிடைத்தது. அதன்பின் வந்த பல மருந்துகள், இந்நோய் திடீர் திடீரெனத் தாக்குவதைக் கணிசமாகக் குறைத்துள்ளன.

ஆனால், புதிய தாக்குதல்கள் நின்ற பிறகும் பலருக்கு நடை தளர்வதும் கைகள் வலுவிழப்பதும் தொடர்கின்றன. இது ஏன் என்ற கேள்விக்கான விடையின் ஒரு பகுதி, உயிரணுக்களுக்கு ஆற்றலைத் தயாரித்துத் தரும் மைட்டோகாண்ட்ரியாக்களில் இருப்பதாக விஞ்ஞானிகள் கருதுகின்றனர்.

உலகெங்கும் சுமார் 28 லட்சம் பேர் இந்நோயுடன் வாழ்வதாக 2020ஆம் ஆண்டில் மதிப்பிடப்பட்டது. இந்நோயில், உடலின் நோய் எதிர்ப்புக் கட்டமைப்பு, நரம்பிழைகளைச் சுற்றியுள்ள மையலின் என்ற கொழுப்பு உறையைத் தாக்கி அழிக்கிறது.

தேவை கூடுகிறது, உற்பத்தி குறைகிறது

உறை சேதமின்றி இருக்கும்போது, நரம்புச் சமிக்ஞை அதன் இடைவெளிகளில் மட்டும் தாவிச் செல்கிறது. இதற்குக் குறைந்த ஆற்றலே போதும். உறை அழிந்துவிட்டால், இழை நெடுகிலும் சோடியம் உட்புகுகிறது. அதை வெளியேற்ற அந்த இழைக்குக் கூடுதல் ஆற்றல் தேவைப்படுகிறது.

அதே வேளையில் ஆற்றல் உற்பத்தியும் சரிகிறது. மூளையில் உள்ள மைக்ரோகிளியா என்ற பாதுகாப்பு உயிரணுக்கள் தூண்டப்பட்டு, வீரியம் மிக்க ஆக்ஸிஜன் மூலக்கூறுகளையும் நைட்ரிக் ஆக்ஸைடையும் வெளியிடுகின்றன. உடலால் சமாளிக்க முடியாத அளவுக்கு இவை பெருகும் நிலையே 'ஆக்ஸிஜனேற்ற அழுத்தம்' எனப்படுகிறது. வயது ஏற ஏற மூளையில் சேரும் இரும்புச் சத்து இதை மேலும் தீவிரமாக்குகிறது.

இவ்வாறு மைட்டோகாண்ட்ரியாக்கள் சேதமடைகின்றன. நோய் முற்றிய நிலையில் இறந்தவர்களின் மூளைகளை ஆராய்ந்த பிரிட்டனின் நியூகாஸில் பல்கலைக்கழக விஞ்ஞானிகள், நரம்பணுக்களில் உள்ள மைட்டோகாண்ட்ரியாக்களின் மரபணுப் பொருளில் சில பகுதிகள் அழிந்திருந்ததை 2011இல் தெரிவித்தனர். ஆற்றல் கிடைக்காத இழையில் சோடியமும், அதைத் தொடர்ந்து கால்சியமும் தேங்குகின்றன. இறுதியில் அந்த இழை மடிகிறது.

தற்போதைய மருந்துகளில் பெரும்பாலானவை ரத்தத்தில் உலவும் நோய் எதிர்ப்பு அணுக்களையே குறிவைக்கின்றன. மூளைக்குள் நிகழும் இச்சேதத்தை அவற்றால் போதிய அளவு தடுக்க முடிவதில்லை.

பயோட்டின் தந்த பாடம்

எனில், ஆற்றல் உற்பத்தியைப் பெருக்கினால் நோய் கட்டுப்படுமா? உயிரணுக்களின் ஆற்றல் உற்பத்திக்கு உதவும் பயோட்டின் என்ற வைட்டமினை மிக அதிக அளவில் கொடுத்துப் பிரான்சில் 154 பேரிடம் நடத்தப்பட்ட சோதனை, 2016இல் பெரும் நம்பிக்கையைத் தந்தது. மருந்து பெற்றவர்களில் சுமார் 13 சதவீதத்தினரிடம் முன்னேற்றம் காணப்பட்டது. போலி மருந்து பெற்றவர்களில் ஒருவரிடம்கூட அது காணப்படவில்லை.

ஆனால், 13 நாடுகளில் 642 பேரிடம் நடத்தப்பட்டு 2020இல் வெளியான பெரிய சோதனை அந்த நம்பிக்கையைத் தகர்த்தது. மருந்து பெற்றவர்களில் 12 சதவீதத்தினரும், போலி மருந்து பெற்றவர்களில் 9 சதவீதத்தினரும் முன்னேறியிருந்தனர். இந்த வேறுபாடு தற்செயலாக நேர்ந்திருக்கக் கூடியதே. தவிரவும், அதிக அளவு பயோட்டின், தைராய்டு உள்ளிட்ட சில ரத்தப் பரிசோதனைகளில் தவறான முடிவுகளைக் காட்டச் செய்யும்.

இதனால் ஆற்றல் பற்றாக்குறை குறித்த விளக்கமே பிழையென்று ஆகிவிடாது. சேதம் எங்கே நிகழ்கிறது என்பதை அறிவது ஒன்று. அங்கே அதைத் தடுப்பது வேறொன்று. கடைகளில் கிடைக்கும் ஆக்ஸிஜனேற்றத் தடுப்பு மாத்திரைகளை நம்பி மருத்துவர் தந்த மருந்தை நிறுத்துவோர், இருக்கும் பாதுகாப்பையும் இழக்க நேரிடும்.