வயிற்றுக் கிருமியால் பக்கவாதம் வருமா?

இரைப்பைப் புண்ணுக்குக் காரச் சாப்பாடும் மனக்கவலையுமே காரணம் என்று மருத்துவர்களே நம்பியிருந்த காலம் உண்டு. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரைச் சேர்ந்த பாரி மார்ஷலும் ராபின் வாரனும் அதை மறுத்து, இரைப்பையில் வாழும் சுருள் வடிவ பாக்டீரியாவே காரணம் என்றார்கள். பலர் ஏற்கவில்லை. 1984இல் மார்ஷல் அந்தக் கிருமியைக் கலந்த திரவத்தைத் தானே குடித்தார். சில நாள்களிலேயே வாந்தி தொடங்கியது. எண்டோஸ்கோப்பியில் இரைப்பை அழற்சி தெரிந்தது. 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் கிருமியின் பெயர் ஹெலிகோபாக்டர் பைலோரி. இப்போது அதன் மீது இன்னொரு சந்தேகமும் இருக்கிறது: பக்கவாதத்துக்கும் அது துணைபோகிறதா?

சந்தேகம் ஏன் வந்தது?

இந்தக் கிருமி பெரும்பாலும் சிறு வயதிலேயே தொற்றிவிடுகிறது. யூரியாவை அம்மோனியாவாக மாற்றித் தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தைத் தணித்துக்கொள்வதால், சிகிச்சை எடுக்காவிட்டால் ஆயுள் முழுக்க இரைப்பையில் தங்கிவிடும். பெரும்பாலோருக்கு எந்தத் தொந்தரவும் தெரியாது. ஆனால், உள்ளே அழற்சி மட்டும் ஓயாமல் நடந்துகொண்டிருக்கும்.

ரத்தக்குழாயில் கொழுப்புப் படிந்து தடிப்பதற்கும் அழற்சி ஒரு காரணம். அப்படித் தடித்த இடத்தில் உருவாகும் ரத்தக்கட்டி மூளைக்குப் போகும் குழாயை அடைத்தால் பக்கவாதம் வரும். தவிர, நாள்பட்ட இரைப்பை அழற்சியால் உணவிலுள்ள வைட்டமின் பி12 சரியாகச் சேராமல் போகலாம். அப்போது ரத்தத்தில் ஹோமோசிஸ்டீன் என்ற அமினோ அமிலம் கூடும்; அதுவும் ரத்தக்குழாய்களுக்கு நல்லதல்ல.

1990களிலிருந்து வந்த சில ஆய்வுகளில், அடைப்பினால் பக்கவாதம் வந்தவர்களிடம் இந்தத் தொற்று கூடுதலாகக் காணப்பட்டது. குறிப்பாக, ‘காக்-ஏ’ என்ற புரதத்தைச் சுரக்கும் வீரியமான வகைக்குத் தொடர்பு வலுவாகத் தெரிந்தது. கழுத்துத் தமனியில் படிந்திருந்த கொழுப்பிலும் இந்தக் கிருமியின் டிஎன்ஏ தென்பட்டது.

தீர்ப்பு ஏன் வரவில்லை?

இடநெருக்கடியும் சுகாதாரக் குறைவும் உள்ள வீடுகளில் இந்தத் தொற்று எளிதில் பரவுகிறது. வறுமையில் வளர்ந்தவர்களுக்குப் பக்கவாத ஆபத்தும் கூடுதல். இரண்டும் ஒரே ஆளிடம் இருப்பதாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. அமெரிக்காவின் தேசிய அளவிலான உடல்நல ஆய்வு ஒன்றில், காக்-ஏ வகைத் தொற்று இருந்தவர்களிடையே பக்கவாத மரணம் குறைவாகவே இருந்தது! கிருமியை ஒழித்தால் பக்கவாதம் குறையும் என்பதும் இன்னும் நிரூபிக்கப்படவில்லை. ஆகவே, பக்கவாதத்துக்குப் பயந்து ஆன்டிபயாடிக் சாப்பிடத் தேவையில்லை.

யாருக்குச் சோதனை தேவை?

ஏற்கெனவே பக்கவாதம் வந்தவர்களுக்கு இந்தக் கிருமி வேறு வகையில் முக்கியமாகிறது. மீண்டும் ரத்தம் கட்டாமலிருக்க அவர்களில் பலர் தினமும் ஆஸ்பிரின் சாப்பிடுகிறார்கள். ஆஸ்பிரினும் கிருமியும் சேர்ந்தால் இரைப்பைப் புண்ணிலிருந்து ரத்தம் கசியும் ஆபத்து கூடும். ஆஸ்பிரின் சாப்பிடும் 60 வயதைத் தாண்டியவர்களிடம் பிரிட்டனில் நடந்த ஒரு பெரிய ஆய்வு 2022இல் வெளியானது. கிருமியை ஒழித்தவர்களுக்கு முதல் இரண்டரை ஆண்டுகளில் இத்தகைய ரத்தக்கசிவு கணிசமாகக் குறைந்திருந்தது. ஆகவே, ஆஸ்பிரின் சாப்பிடுபவர்களுக்கு முன்பு அல்சர் இருந்திருந்தாலோ, மலம் தார் போலக் கறுத்துப் போனாலோ மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மலம் கறுத்தால் அன்றைக்கே போவது அவசியம். ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்திவிடக் கூடாது.

மூச்சுப் பரிசோதனை, மலப் பரிசோதனை, எண்டோஸ்கோப்பி ஆகியவற்றால் தொற்றை உறுதிசெய்யலாம். சிகிச்சை பொதுவாக 14 நாள்கள். அதில் தரப்படக்கூடிய கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் சில கொலஸ்ட்ரால் மாத்திரைகளுடன் ஒத்துப்போகாது. எனவே, சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

முதல் எதிரி எது?

32 நாடுகளில் நடந்த ‘இன்டர்ஸ்ட்ரோக்’ ஆய்வின்படி, பக்கவாதத்தில் சுமார் 90 சதவீதம் பத்துக் காரணங்களில் அடங்கிவிடுகிறது. முதலிடம் உயர் ரத்த அழுத்தத்துக்கு. புகையிலை, நீரிழிவு, மது, உடலுழைப்பின்மை போன்றவையும் பட்டியலில் உண்டு. வயிற்றுக் கிருமி இல்லை. வயிற்றுக்காக மருத்துவரிடம் போகும் அன்று, ரத்த அழுத்தத்தையும் பார்த்துவிட்டு வாருங்கள்.